நர்ஸம்மாவுக்கும் ஒரு துணை வேண்டும்: எல்லையோர சுகாதாரப் பணியாளர்களும் மன அழுத்தமும்

மேட்டூரில் இருந்து மைசூரு போகும் சாலையில் கொளத்தூரைத் தாண்டினால் காரைக்காடு சோதனைச் சாவடி வரும். அதற்கு அப்பால் பாலாறு. வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு அல்ல. காவிரியில் வந்து சேரும் இன்னொரு பாலாறு. அந்தக் கரையில் கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. லாரிகள் சாவடியில் நின்று ஆவணம் காட்டிவிட்டுப் போகும். காய்ச்சலும் பிரசவ வலியும் பாம்புக்கடியும் அப்படி நிற்பதில்லை. இரண்டு பக்கமும் தமிழும் கன்னடமும் பேசும் குடும்பங்கள், கொடுத்து வாங்கிய உறவுகள், வேலைக்குப் போய்வரும் பாதைகள். மாநிலம் வேறு என்பது பல வீடுகளுக்கு ரேஷன் கார்டைக் கையில் எடுக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

இப்படிப்பட்ட ஊர்களில் அரசு மருத்துவ சேவையின் முதல் முகம் கிராம சுகாதார செவிலியர். ஆவணத்தில்தான் இந்தப் பதவிப் பெயர். ஊருக்கு அவர் 'நர்ஸம்மா'. தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையிலேயே நடக்கின்றன என்று தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிறது. இந்த எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். சரிதான். ஆனால் ஒவ்வொரு கர்ப்பிணியையும் கண்டுபிடித்து, பெயரைப் பதிவு செய்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "அம்மா, தேதி நெருங்குது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று பின்னாலேயே நடந்தவர் ஒருவர் இருந்தார் என்பது அந்த எண்ணில் தெரியாது.

நமக்கு உடம்பு சரியில்லைன்னா நர்ஸம்மாகிட்ட போறோம். நர்ஸம்மாவுக்கு மனசு சரியில்லைன்னா அவங்க யார்கிட்ட போவாங்க? அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவிலான விதிமுறை. தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் தாங்கி நிற்பவர் ஒரு கிராம சுகாதார செவிலியர்.

புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். குளிர்பதனப் பெட்டியில் தடுப்பூசி வந்து சேர்வதில் இருந்து, கடைசிக் குழந்தை ஊசி போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து போகும்வரை அவர் பொறுப்பு. மற்ற நாட்களில் கர்ப்பிணி பதிவு, ரத்த அழுத்தம் பார்ப்பது, எடை பார்ப்பது, பிரசவம் ஆன வீட்டுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்ப்பது, காய்ச்சல் கணக்கு, குடும்பநல ஆலோசனை. இத்தனையையும் முடித்துவிட்டு 'பிக்மி' இணையதளத்தில் பதிவேற்றம் செய்ய வேண்டும். சிக்னல் இல்லை என்றால் நோட்டில் எழுதி வைத்து, வீட்டுக்குப் போய், பிள்ளைகள் தூங்கின பிறகு ஏற்ற வேண்டும்.

ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். "நர்ஸம்மா, பனிக்குடம் உடைஞ்ச மாதிரி இருக்கு, என்னங்க பண்றது?" அவர் 108-ஐ அழைக்கச் சொல்வார், தானும் அழைப்பார், ஆரம்ப சுகாதார நிலைய செவிலியருக்குத் தகவல் சொல்வார். "வண்டி ஏறியாச்சு" என்ற பதில் வரும்வரை தூக்கம் வராது. காலையில் வழக்கம்போல டூட்டி. ராத்திரி அந்த ஒரு மணி நேரம் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாது.

எல்லையில் கூடுதலாக என்ன சுமை?

மேலே சொன்னது எல்லா ஊர் செவிலியருக்கும் பொது. மாநில எல்லையை ஒட்டிய பகுதியில் இதோடு இன்னும் சில சேரும்.

முதலாவது, ஆள் நகர்வு. கர்ப்பிணியாகப் பதிவு செய்த பெண் இரண்டு மாதம் கழித்துக் கணவரோடு வேலைக்காக எல்லைக்கு அப்பால் போய்விடுவார். போன் அணைந்திருக்கும். பட்டியலில் அவர் 'அதிக ஆபத்துள்ள கர்ப்பிணி' என்று இருப்பார். ரத்தசோகையோ ரத்தக்கொதிப்போ இருக்கும். ஆனால் ஆள் எங்கே என்று தெரியாது. இதற்கு நேர்மாறாக, அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் ஒன்பதாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வந்து இறங்குவார். கையில் முந்தைய பரிசோதனைச் சீட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அது கன்னடத்தில் இருக்கும்.

இரண்டாவது, காகிதம். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு கர்ப்பகாலத்தில் தரப்படும் ஆர்.சி.எச். எண் கேட்கப்படுகிறது. முகவரி ஒரு மாநிலம், பிரசவம் இன்னொரு மாநிலம் என்றால் அந்த எண்ணை உருவாக்குவதும் பொருத்துவதும் செவிலியர் தலையில்தான் விழும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. "எங்களுக்கு ஏன் கிடைக்காது?" என்று எதிரில் நிற்பவர் கேட்கும் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், விதியை எழுதாத அந்த செவிலியரே.

மூன்றாவது, அலைபேசி கோபுரம். எல்லையோரத்தில் போன் எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ, 108 அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடக்கூடும். மொழி புரியாமல், இடம் சொல்லத் தெரியாமல் நிமிடங்கள் கரையும். இதற்குள் குடும்பத்தார் நர்ஸம்மாவைத்தான் நாலு முறை கூப்பிட்டிருப்பார்கள்.

நான்காவது, தூரம். மேட்டூர் அரசு மருத்துவமனையோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போய்ச் சேர ஆகும் நேரம். 108 வண்டியில் இருக்கும் மருத்துவ உதவியாளர் அந்த நேரம் முழுவதும் ஒரு உயிரோடு தனியாக இருக்கிறார். துணைக்கு ஓட்டுநர் மட்டும்தான். அவர் கண் சாலையில் இருக்கும்.

நாமக்கல்லுக்கு எல்லை இல்லையா?

வரைபடத்தில் பார்த்தால் நாமக்கல் மாவட்டம் எந்த வெளிமாநிலத்தையும் தொடவில்லை. 1997 ஜனவரி 1 அன்று சேலத்தில் இருந்து பிரிந்த மாவட்டம் இது. ஆனாலும் இங்கே வேறு இரண்டு வகை எல்லைகள் உண்டு.

ஒன்று மலை. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கீழே சமவெளியில் வீடு, மேலே மலையில் பணி என்றால், ஒவ்வொரு முறை ஏறி இறங்குவதும் உடம்பை வாட்டும். குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டு மேலே தங்குபவருக்கு வேறு மாதிரி வாட்டம். நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கி இறக்கிய கதைகள் நம் மலையோர ஊர்களில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் கையில் பையோடு கூடவே நடந்தவர்களும் சுகாதாரப் பணியாளர்கள்தான்.

இன்னொன்று நெடுஞ்சாலை. நாமக்கல் லாரிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் கோத்துக்கொண்டு போகிறது. எந்த மாநிலத்து ஓட்டுநர் விபத்தில் சிக்கினாலும் வந்து சேரும் இடம் இங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுதான். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதால் மாவட்டத்துக்குள்ளேயே உயர் சிகிச்சை கிடைக்கும் வழி திறந்தது. அதே சமயம், நள்ளிரவில் மொழி தெரியாத, துணைக்கு ஆள் இல்லாத நோயாளிக்கு நாமே சொந்தக்காரனாக நிற்க வேண்டிய பொறுப்பு அங்கே டூட்டியில் இருக்கும் செவிலியருக்கு வருகிறது.

சாதாரண களைப்பா, அதற்கும் மேலா?

உழைத்தால் களைப்பு வரும். ஒரு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். தூங்கி எழுந்த பிறகும் போகாத சோர்வு ஒன்று உண்டு. அதற்கு 'பர்ன்அவுட்' என்று 1974-இல் பெயர் வைத்து எழுதியவர் நியூயார்க்கில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். அவர் பார்த்ததும் ஒரு இலவச மருத்துவமனையில் தன்னை மறந்து வேலை செய்தவர்களைத்தான். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

முதல் அடையாளம், வற்றிப்போதல். "காலைல எந்திரிக்கும்போதே முடியல."

இரண்டாவது, விலகிப்போதல். முன்பு பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இப்போது "அடுத்த கேஸ்" என்கிறார். நோயாளியின் அழுகை காதில் விழுகிறது, மனதில் விழவில்லை. எரிச்சல் மட்டும் வருகிறது.

மூன்றாவது, பயனில்லை என்ற எண்ணம். "நான் என்ன செஞ்சு என்ன ஆகப்போவுது?"

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தது. எப்படிச் சேர்த்தது என்பதுதான் முக்கியம். இது ஒரு நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்று சொன்னது. அதாவது, குறை அந்த மனிதரிடம் மட்டும் இல்லை. வேலை அமைந்திருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் செய்ய முடியாத நிலை. மருத்துவ அறத்தில் இதை ஒரு தனி வகை வேதனையாகவே சொல்கிறார்கள். நாம் 'மனசாட்சி நெருக்கடி' என்று சொல்லலாம். ரத்தசோகை உள்ள கர்ப்பிணியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று செவிலியருக்குத் தெரியும். "கரும்பு வெட்டு முடியட்டும்ங்க" என்கிறது குடும்பம். மூன்று முறை வீட்டுக்குப் போயும் நகரவில்லை. பிறகு ஏதாவது நேர்ந்துவிட்டால், ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் நடக்கும் தணிக்கையில் அந்த செவிலியரும் விவரம் சொல்ல வேண்டும். தணிக்கையின் நோக்கம் அமைப்பில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது குற்ற விசாரணை போலவே இருக்கும். "நான் நாலாவது முறையும் போயிருக்கணுமோ?" என்ற கேள்வி கோப்பு மூடினாலும் மூடாது.

இது அவர்களுடைய தனிப்பட்ட பிரச்சினை மட்டும் அல்ல. வற்றிப்போன ஒருவர் கையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கும்போது, 150 என்ற அளவைப் பார்த்தும் மனம் பதறாமல் போகலாம். அந்தக் கவனக்குறைவு நம் வீட்டுப் பெண்ணுக்கு நேரலாம். ஆகவே பணியாளரின் மனநலம் நோயாளியின் பாதுகாப்போடு சேர்ந்ததுதான்.

இந்த மண் முன்பே பார்த்த சோதனைகள்

சேலம், நாமக்கல் பகுதி சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த அழுத்தம் புதிது அல்ல. மூன்று காலங்களைச் சொல்லலாம்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். அந்தக் காலத்தில் கிராம செவிலியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கர்ப்பிணியோடு தோழி போலப் பழகி நம்பிக்கை பெற வேண்டியவரும் அவரே. மூன்றாவதும் பெண் பிறந்த வீட்டை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவரும் அவரே. திண்ணையில் உட்காரச் சொன்ன வீடே அடுத்த வாரம் கதவைச் சாத்தும். அன்பையும் கண்காணிப்பையும் ஒரே ஆள் ஒரே பையில் சுமக்க வேண்டியிருந்தது.

அடுத்தது எச்.ஐ.வி. இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். லாரித் தொழில் சார்ந்த நாமக்கல் பின்னர் தொற்று அதிகம் உள்ள மாவட்டங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. நம்பிக்கை மையங்களில் இருந்த ஆலோசகர்கள் ஒரு நாளில் எத்தனையோ குடும்பங்களின் ரகசியத்தைக் கேட்டார்கள். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. வீட்டிலும் சொல்ல முடியாது. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் அந்த நிமிடம் அவர்களோடு வீடு வரை வரும். ஊசி குத்திவிட்டால் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் ஊழியர்களுக்கும் இருந்தது. இன்று அதற்கு வழி தெளிவாக இருக்கிறது: ஊசி குத்திய உடனே, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். "அடிக்கடி நடக்கறதுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது கொரோனா. 2020-இல் மாநில, மாவட்ட எல்லைகளில் இ-பாஸ் பார்த்தார்கள், வெப்பநிலை பார்த்தார்கள். வெயிலில் கவச உடைக்குள் நின்ற சுகாதாரப் பணியாளர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது. வேலை பளு மட்டும் அவர்களை வாட்டவில்லை. "நீங்க ஆஸ்பத்திரில வேலை செய்யறீங்க, வீட்டைக் காலி பண்ணுங்க" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கியது. மாநிலம் முழுக்க மருத்துவப் பணியாளர் மனதில் அந்தச் செய்தி விழுந்த இடம் இன்னும் ஆறவில்லை.

மீண்டெழுதல் என்றால் என்ன?

'மன உறுதியா இருங்க' என்று சொல்வது சுலபம். மூங்கில் காற்றில் வளைந்து நிமிர்கிறது என்று உதாரணமும் சொல்வோம். ஆனால் வேர் பிடிக்க மண் வேண்டும் இல்லையா? உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன: ஊழியருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பது மட்டும் போதாது, வேலை அளவு, ஓய்வு, மேலதிகாரிகளுக்கான பயிற்சி ஆகியவற்றையும் சரி செய்ய வேண்டும்.

நம் மாநிலத்தில் ஏற்கெனவே நடக்கும் சில ஏற்பாடுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறை இருக்கிறது. தேதி நெருங்கிய கர்ப்பிணி முன்கூட்டியே வந்து தங்கலாம். இது தாய்க்கான வசதி. கூடவே, செவிலியருக்கு வரும் நள்ளிரவு போன் ஒன்று குறைகிறது.

'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். இது விபத்தில் சிக்கியவருக்கான திட்டம். கூடவே, "கார்டு இருக்கா, எந்த ஊரு?" என்று ரத்தம் வழியும் ஒருவரிடம் கேட்க வேண்டிய அவஸ்தை டூட்டி ஊழியருக்கு இல்லாமல் போகிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதும் கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் அதே ஊர்க்காரர்கள். வேலையைப் பங்கு போட ஆள் வந்தால் செவிலியரின் சுமை குறையும். ஆனால் அந்தத் தன்னார்வலருக்கும் மலைப்பகுதி ஆஷா பணியாளருக்கும் அதே களைப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்?

14416: டெலி-மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பொதுமக்களுக்கு உரியது எதுவோ அது மருத்துவர், செவிலியர், 108 ஊழியர், தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும் உரியதுதான்.

மாவட்ட மனநலத் திட்டம்: மாவட்ட மனநல மருத்துவர் குழுவின் ஆலோசனை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். தெரிந்த இடத்தில் சீட்டு எழுதக் கூச்சமாக இருந்தால், முதல் அடியாக 14416-ஐ அழைத்துப் பேசலாம்.

104: மருத்துவ ஆலோசனை, தகவல், புகார்.

181: பெண்களுக்கான உதவி எண். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழுவும், மற்றவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவும் இருக்க வேண்டும்.

வன்முறைக்கு எதிரான சட்டம்: மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறையைத் தடுக்க தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

அலுவலகத்தில் என்ன செய்யலாம்?

பெரிய நிதி தேவைப்படாத சில விஷயங்கள் இருக்கின்றன. பகுதி சுகாதார செவிலியரும் வட்டார மருத்துவ அலுவலரும் மாதாந்திரக் கூட்டத்தில் கணக்கு கேட்கும் முன், "இந்த மாசம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று பத்து நிமிடம் கேட்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் ஆய்வும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம்.

மரணம், மோசமான விபத்து, தாக்குதல் போன்ற ஏதாவது நடந்த பிறகு அந்த ஊழியரை அடுத்த நாளே தனியாக அதே இடத்துக்கு அனுப்பாமல் இருக்கலாம். வார விடுமுறையை உண்மையிலேயே விடுமுறையாக விடலாம். அந்த நாளில் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை கேட்க வேண்டாம். தாய் மரணத் தணிக்கைக்கு முன்பே, "யார் தப்புன்னு பார்க்க வரல, எங்க தவறிச்சுன்னு பார்க்க வந்திருக்கோம்" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். எல்லையோர வட்டாரங்களில் இரு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்திருந்தால், காணாமல்போன கர்ப்பிணியைத் தேடும் வேலை பாதி குறையும்.

சக ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. எப்போதும் கலகலப்பாக இருந்தவர் பேச்சைக் குறைத்துவிட்டால், சின்னச் சின்னத் தவறுகள் தொடர்ந்தால், அடிக்கடி லீவு போட்டால், "என்னால முடியல, போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். நேரடியாகக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் தெரிந்தால் தனியாக விடாமல் உடனே 14416-ஐ அழையுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

* கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவு செய்யுங்கள். வேலைக்காக வெளிமாநிலம் போவதாக இருந்தால் போகும் முன் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, மாற்று போன் எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள்.
* தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருபவர்கள் அந்தப் பக்கத்துத் தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு வாருங்கள். ஏழாம் மாதத்திலேயே வந்து பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது.
* 108-ஐ அழைத்ததும் முதலில் மாநிலம், மாவட்டம், ஊர் மூன்றையும் சொல்லுங்கள். அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருந்தாலும் சரியான இடத்துக்குத் திருப்ப உதவும்.
* அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு இரவு நேரத்தில் 104-ஐக் கூப்பிடுங்கள். நர்ஸம்மா தூங்கட்டும்.
* அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியோடு ஒருவர் மட்டும் நில்லுங்கள். கூட்டமாக நின்று செல்போனில் படம் எடுத்தால் கை நடுங்குவது சிகிச்சை அளிப்பவருக்குத்தான்.
* குறை இருந்தால் 104-இல் சொல்லுங்கள், எழுத்து மூலம் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கை ஓங்குவது குற்றம்.
* நல்லது நடந்தாலும் சொல்லுங்கள். கிராம சபையில் எழுந்து, "எங்க நர்ஸம்மா நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்று ஒரு வரி சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

காரைக்காடு சாவடிக்கு இந்தப் பக்கமும், கொல்லிமலை அடிவாரத்திலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் இன்று இரவும் யாரோ ஒரு நர்ஸம்மாவுக்குப் போன் வரும். அவர் எடுப்பார். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, நம் பிரச்சினையைச் சொல்லும் முன் ஒரு நிமிடம் நின்று, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நெடுநாள் ஆகியிருக்கலாம்.